கேரளப் பரிந்துரை எங்க கரிசலுக்குப் பொருந்துமா? தென்னைக்குக் கும்மாயம் (சுண்ணாம்பு) போடுறது பற்றி

கொழிஞ்சை_தோப்பு:

எல்லாருக்கும் வணக்கங்க. எங்க தோப்பு பாலக்காடு மாவட்டத்துல, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போற பக்கம். தென்னை, இடையில கொஞ்சம் நிலக்கடலை. போன வேனல்ல இருந்து ஓலை மஞ்சளாகிட்டே வருது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும்போது மரத்துக்கு 1 கிலோ கும்மாயம், இல்லைன்னா டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) போடணும்னு இங்கே எல்லாருமே சொல்றாங்க. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தோட பரிந்துரையும் அதுதான். கிருஷி பவன்ல (வேளாண் ஆபீஸ்ல) கேட்டா மானியத்துல மூட்டை கிடைக்கும்ங்கறாங்க.

ஆனா கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல இருக்கற எங்க மாமா, "கரிசலுக்குச் சுண்ணாம்பு போடறதா? எந்த ஊர்ல கேட்டே?"ன்னு சத்தம் போடறார். அவர் பொள்ளாச்சிப் பக்கம் காலங்காலமா தோப்பு வெச்சிருக்கறவர்.

ரெண்டு பேரும் ஆளுக்கொரு பொது விதியைச் சொல்றாங்க. ரெண்டுமே சரியாத்தான் படுது. என் நிலம் எந்த விதிக்குள்ள வருதுன்னு எப்படிங்க முடிவு பண்றது? வெறுமனே போடு, போடாதேன்னு சொல்லாம, எதை வெச்சுச் சொல்றீங்கங்கறதையும் சேர்த்து எழுதுங்க.

ஆனைமலை_அடிவாரம்:

போடாதீங்க தம்பி. உங்க ஊர் மண்ணும் எங்க மண்ணும் ஒண்ணுதான். செக்போஸ்ட் வந்ததால மண்ணு மாறிடுமா? கேரளம்னு ஒரு மாநிலம் வந்ததே 1956லதான். கேரளாக்காரன் புத்தகம் மலப்புறத்துக்கும் கோட்டயத்துக்கும் எழுதினது.

மண்ணியல்_வாத்தியார்:

அந்தப் புத்தகத்தை அப்படி ஒதுக்கிவிட வேண்டாம். கேரளத்தை மண், மழையைப் பார்த்து 23 வேளாண் சூழல் அலகுகளாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். பாலக்காட்டின் கிழக்குச் சமவெளி அதில் தனி அலகு. அதாவது "கேரளம் முழுவதும் ஒரே மண்" என்று அவர்களே சொல்லவில்லை. வாய்வழியாகக் கைமாறும்போதுதான் "கேரளத்தில் சுண்ணாம்பு போட வேண்டும்" என்று சுருங்கிவிடுகிறது. எந்த நிபந்தனையில் அந்த விதி பிறந்ததோ அந்த நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

கேள்வி கேட்டவர் காரணம் கேட்டிருப்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 3000 மி.மீ. இவ்வளவு மழை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண் வழியாக இறங்கினால், கால்சியம், மக்னீசியம் போன்ற காரச் சத்துகள் கரைந்து அடியோடு போய்விடும். இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். வெட்டுக்கல் மண் அப்படி உருவானதுதான். 1807இல் பிரான்சிஸ் புக்கானன் அந்த மண்ணுக்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தது மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் பார்த்ததை வைத்துத்தான். இந்த மண்ணில் அமிலம் அதிகம். அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும். போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸை) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு போட்டால் அமிலம் குறையும், அலுமினியம் அடங்கும், மணிச்சத்து விடுபடும், இழந்த கால்சியமும் திரும்பக் கிடைக்கும். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோ சுண்ணாம்பை, 350 கிலோ முதல் உழவிலும் 250 கிலோ ஒரு மாதம் கழித்தும் போடச் சொல்வது இந்தக் காரணத்துக்காகத்தான். நல்ல விதி. அதைப் பின்பற்றாமல் விளைச்சல் இழந்தவர்கள் நிறையப் பேர்.

இப்போது கிழக்கே வாருங்கள். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில் மழை அந்தச் சராசரியில் பாதிகூட இல்லை. கரைத்துக் கொண்டுபோகப் போதுமான தண்ணீர் இறங்கியதே இல்லை. எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்பு மண்ணுக்குள்ளேயே கட்டிகட்டியாக இருக்கும். பிஎச் (அமில, கார அளவு; ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) எட்டைத் தாண்டுவதும் உண்டு. அங்கே மணிச்சத்தைப் பிடித்து வைப்பது கால்சியம். இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் போவது காரத்தால். அதாவது விதி எந்த நோய்க்கு மருந்தோ அந்த நோய் அங்கே இல்லை, அதற்கு நேரெதிரான நோய் இருக்கிறது.

ஆகவே "நான் கேரளத்தில் இருக்கிறேனா" என்று கேட்காதீர்கள். "விதிக்குக் காரணமான அமிலம் என் மண்ணில் இருக்கிறதா" என்று கேளுங்கள்.

சித்தூர்_வக்கீல்:

வாத்தியார் ஐயா சொன்னதை நீதிமன்றப் பழக்கத்திலிருந்து பார்க்கிறேன். மேல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எதிர்த் தரப்பு காட்டினால், "அது தப்பு" என்று நாங்கள் வாதாட முடியாது. "அந்த வழக்கில் முடிவுக்குக் காரணமான சங்கதி இந்த வழக்கில் இல்லை" என்றுதான் காட்ட வேண்டும். ஊர் வேறு, ஆள் வேறு, ஆண்டு வேறு என்பதெல்லாம் செல்லாது. முடிவைத் தாங்கி நிற்கிற சங்கதி எது என்று கண்டுபிடித்து, அது இங்கே இல்லை என்று காட்ட வேண்டும். இதுவரைக்கும் ஐயா சொன்னதேதான்.

ஆனால் இன்னொரு பாதியும் உண்டு. பொது விதிக்குத் தான் விதிவிலக்கு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, குற்றவியல் வழக்கில் விதிவிலக்கு கோருகிற, குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில்தான் அந்தப் பாரத்தை வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. விதிவிலக்கைச் சும்மா சொன்னாலே போதும் என்று விட்டால் விதி என்று எதுவுமே மிஞ்சாது.

எனவே தோப்புக்காரரே, "எங்களுடையது கரிசல்" என்று மாமா சொன்னதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் நிலத்தைப் பற்றி நீங்கள் இன்னும் ஒரு சாட்சியும் கொண்டுவரவில்லை.

ஆனைமலை_அடிவாரம்:

வக்கீல் ஐயா, நிரூபிக்க வேண்டியவர் யாருங்கறது எதைப் பொது விதின்னு முதல்ல வெக்கறீங்கங்கறதைப் பொறுத்ததுங்க. "கேரள மண்ணுக்குச் சுண்ணாம்பு"ங்கறதை விதியா வெச்சா கரிசல் விதிவிலக்கு. "கரிசலுக்குச் சுண்ணாம்பு வேண்டாம்"ங்கறதை விதியா வெச்சா அங்கே சுண்ணாம்பு போடச் சொல்றவர்தான் நிரூபிக்கணும். அந்தத் தோப்பு ரெண்டு விதிக்குள்ளயும்தானே கிடக்குது?

சித்தூர்_வக்கீல்:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இதற்கு எங்கள் சட்டத்தில் நேரடி விடை கிடையாது. பொது ஏற்பாடும் தனி ஏற்பாடும் மோதினால் தனி ஏற்பாடு நிற்கும் என்பது ஒரு வழி. ஆனால் "கரிசல்" என்பது "கேரளம்" என்பதைவிடத் தனியானதா? கரிசல் மகாராஷ்டிரம் வரை கிடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, ஒன்றுக்குள் ஒன்று அடங்கவில்லை.

மண்ணியல்_வாத்தியார்:

அப்படிக் குறுக்கே வெட்டும்போது, விளைவை உண்டாக்குகிற காரணத்துக்கு எந்தப் பிரிவு கிட்டத்தில் இருக்கிறதோ அதை எடுங்கள். கும்மாயத்தின் பலனை முடிவு செய்வது மண்ணின் அமிலம். மாநிலத்தின் பெயரைவிட மண்ணின் வகை அதற்குக் கிட்டத்தில் இருக்கிறது. மண் வகையைவிட அந்த வயலின் பிஎச் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. கிட்டத்தில் இருப்பதை அளந்துவிட முடியும்போது தூரத்தில் இருப்பவை இரண்டும் சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை.

மறையூர்_சந்தனம்:

நான் இங்கே மறையூர்ல கரும்பு வெச்சிருக்கேன். வாத்தியார் ஐயா சொல்றது அத்தனையும் சரி. ஆனா ஒரு பயத்தைச் சொல்லியே ஆகணும்.

எங்க பக்கம் மழைமறைவுப் பிரதேசம். மூணாறுல கொட்டுற மழை இங்கே வராது. அதனால எந்த ஆபீசர் என்ன சொன்னாலும் "அது மூணாறுக்கு, நம்ம மறையூர் வேற"ன்னு சொல்ற பழக்கம் எங்களுக்கு ஊறிப்போச்சு. பல சமயம் அது நிஜம். ஆனா அதே பேச்சை விதைநேர்த்திக்கும் சொல்றாங்க, மருந்தடிக்கும்போது முகத்தை மூடிக்கறதுக்கும் சொல்றாங்க. மருந்து மூச்சுல போனா மறையூர்க்காரருக்கும் மூணாறுக்காரருக்கும் ஒரே நுரையீரல்தான். மழை வேற என்கிறது மழை சம்பந்தப்பட்ட விஷயத்துக்குத்தான் காரணமாகும். எல்லாத்துக்கும் அதையே காட்டக் கூடாது.

தன் நிலம் தனின்னு நினைக்காத விவசாயி ஒருத்தரைக் கூட நான் பார்த்ததில்லை. அத்தனை பேரும் விதிவிலக்கா இருக்க முடியாதில்லையா? அதனால எனக்கு நானே வெச்சிருக்கற கட்டுப்பாடு ஒண்ணு. "நம்மது வேற"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, என்ன பார்த்தா "நம்மதும் அதேதான்"னு ஒத்துக்குவேன்னு முன்கூட்டியே சொல்லிடணும். அப்படி ஒண்ணும் சொல்ல முடியலைன்னா அது வெறும் ஊர்ப்பெருமை. தோப்புத் தம்பியும் சரி, மாமாவும் சரி, பிஎச் எவ்வளவு வந்தா கும்மாயம் போடுவோம்னு சோதனைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க.

செங்கோட்டை_சாரல்:

அக்கா சொன்னதும் எனக்கு "ஆடிப் பட்டம் தேடி விதை" ஞாபகத்துக்கு வருது. 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ல இருந்த ஊர் எங்களுது. ஆரியங்காவு கணவாய் வழியா ஆனி, ஆடியில சாரல் அடிக்கும். கார் நெல்லுக்கு ஆடி வரைக்கும் காத்திருந்தா பிந்திப் போகும், அதுக்கு முன்னாடியே நாத்துப் பாவிருவோம். அப்படியே கிழக்க சங்கரன்கோவில் தாண்டி மானாவாரிக் கரிசலுக்குப் போனா அங்க புரட்டாசியிலதான் விதைப்பாங்க, ஏன்னா அவங்க நம்பி இருக்கது வடகிழக்கு மழையை. ஒரே மாவட்டம், அதைச் சுத்தி ஒரே பழமொழி. மேக்க ஆடி பிந்தி, கிழக்க ஆடி முந்தி.

ஆனா பழமொழியைத் தப்புன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டோம். மழைக்கு முன்னாடி நிலம் தயாரா இருக்கணும், முளைச்ச பயிர் பெருமழையைத் தாங்குற வளர்த்தியில இருக்கணும்ங்கதுதான் அதோட உள்ளுக்குள்ள இருக்க கணக்கு. அந்தக் கணக்கை எங்க அய்யா பிடிச்சுக்கிட்டார், மாசத்தை விட்டுட்டார். எழுத்துக்கு எழுத்து பின்பத்தினா எங்க வயல்ல அந்தப் பழமொழியே தோத்துப் போகும்.

கொழிஞ்சை_தோப்பு:

எல்லாருக்கும் நன்றிங்க. என்கிட்ட மண்வள அட்டை ஒண்ணு இருக்கு, எங்க சர்வே நம்பர் போட்டது. அதுல பிஎச் 6.1ன்னு இருக்கு. அதாவது லேசா அமிலம். ஆனா கிழக்குப் பக்கம் கிணறு வெட்டினப்ப வெள்ளை வெள்ளையா சுக்கான் கல்லு (சுண்ணாம்புக் கல்லு) வந்துச்சு. சொட்டுநீர்க் குழாய் வாயெல்லாம் வெள்ளைப் பொருக்கு கட்டுது. அட்டையை நம்பறதா கண்ணை நம்பறதா?

அக்கா கேட்ட மாதிரி மாமாகிட்டயும் பேசிட்டேன். ஆறுக்குக் கீழே வந்தா கும்மாயம் போடறது, ஏழுக்கு மேலே வந்தா போடறதில்லை, நடுவுல வந்தா உங்க எல்லார்கிட்டயும் திரும்பக் கேக்கறதுன்னு முடிவு.

மண்ணியல்_வாத்தியார்:

அட்டை பொய் சொல்லவில்லை, அது யாருடைய மண்ணைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலமானால் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியானால் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் கட்டி எடுத்தார்கள். ஒரு கட்டத்துக்குள் வருகிற எல்லாருக்கும் அந்த ஒரே முடிவு. மண்வெட்டி விழுந்த இடம் உங்கள் தோப்பாகவும் இருக்கலாம், பக்கத்துச் செம்மண் மேடாகவும் இருக்கலாம். கேரளம் முழுக்க ஒரு விதி என்பது எவ்வளவு பெரிய பொதுமையோ அதன் சின்ன உருவம்தான் இந்த அட்டையும். உங்கள் சித்தூர் தாலுகாவில் செம்மண்ணும் கரிசலும் திட்டுத்திட்டாக மாறி மாறி வரும். ஏழெட்டு ஏக்கருக்குள் மாறுவது சாதாரணம்.

சுக்கான் கல்லும் குழாய்ப் பொருக்கும் நல்ல சாட்சிகள். ஆனால் ஆழத்தில் இருக்கிற சுக்கான் ஆழத்தைப் பற்றிப் பேசுகிறது, குழாய்ப் பொருக்கு பாசனத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது. மேல்மண்ணைப் பற்றி இரண்டும் நேராகச் சொல்லவில்லை. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காய்ந்த மண் கொஞ்சம் எடுத்து, கழிப்பறை கழுவும் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து சில சொட்டு விடுங்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண்ணிலும் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண் நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. தோப்பின் நான்கு பக்கமும் செய்து பார்த்தால் எங்கே மண் மாறுகிறது என்று ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி எடுங்கள். இரண்டையும் கலக்கவே கூடாது. கலந்தால் இரண்டு இடத்துக்கும் சேராத ஒரு நடு எண் வரும், அதை வைத்து இரண்டு இடத்திலும் தப்பாகச் செய்வோம்.

தென்னை என்பதால் 30, 60, 90 செ.மீ. என மூன்று ஆழத்திலும் எடுங்கள். எருக்குழி, வரப்பு, அண்மையில் உரம் வைத்த இடம் வேண்டாம். பல இடத்து மண்ணைச் சேர்த்துக் கலந்து, நாலாகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அரைக் கிலோ அனுப்பினால் போதும்.

தேங்காய்_மண்டி:

இவ்வளவு பேச்சு எதுக்குங்க? மரத்துக்கு ஒரு கிலோ. மானியத்துல வருது. போட்டா நல்லது, போடாட்டி நஷ்டமில்லை. சந்தேகம் இருந்தா விதிப்படி போயிடறதுதானே பத்திரம்?

மண்ணியல்_வாத்தியார்:

இந்தக் கேள்வி நியாயமானது, அதனால் கணக்கோடு சொல்கிறேன். ஒரு ஏக்கரில் 20 செ.மீ. ஆழ மேல்மண் ஏறத்தாழ 10.5 லட்சம் கிலோ. சுண்ணாம்புக் கரிசலில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு என்று வைத்தால் 52 டன் ஏற்கெனவே அங்கே கிடக்கிறது. ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு 1 கிலோ என்றால் நீங்கள் சேர்ப்பது 70 கிலோ. பெரிய கேடு வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் நண்பர்கள் பயப்படுகிற அளவுக்கு ஆபத்தில்லை.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கும்மாயம் போட்டாயிற்று, மரம் தேறும் என்று காத்திருப்பார். தென்னை பதில் சொல்ல மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மஞ்சளுக்கு உண்மையான காரணம் என்ன என்று யாரும் தேட மாட்டார்கள். ஓலையை மஞ்சளாக்கித் தொங்கவைக்கும் கேரள வாடல் நோய் பொள்ளாச்சி, ஆனைமலை வரை வந்துவிட்ட காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

தோப்புக்காரரே, மஞ்சள் எந்த ஓலையில்? அடி ஓலையிலா, குருத்திலா? ஓலை தொங்கி, ஈர்க்குகள் உள்பக்கமாக வளைகின்றனவா?

கொழிஞ்சை_தோப்பு:

அடி ஓலையிலதாங்க ஐயா. நுனியில ஆரம்பிச்சு உள்ளே வருது, நடு ஈர்க்கை ஒட்டிப் பச்சை நிக்குது. குருத்து நல்லா இருக்கு. வளையறதெல்லாம் இல்லை. தோப்பு முழுக்க, கிழக்கேயும் மேக்கேயும், ஒரே மாதிரிதான்.

மறையூர்_சந்தனம்:

தம்பி, கடைசி வரியைக் கவனிச்சீங்களா? மண்ணு ரெண்டு பக்கமும் வேறன்னு சந்தேகப்படறோம். ஆனா மஞ்சள் ரெண்டு பக்கமும் ஒண்ணு. அப்போ மஞ்சளுக்குக் காரணம் மண்ணோட அமிலமா இல்லாமலே போகலாமே?

மண்ணியல்_வாத்தியார்:

அருமை, அம்மா. அடி ஓலை நுனியிலிருந்து மஞ்சளாவது மக்னீசியக் குறையைக் காட்டும். மரம் பழைய ஓலையிலிருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுக்கிறது. இரும்புக் குறையாக இருந்தால் குருத்துப் பக்கம் வெளுக்கும். மக்னீசியக் குறை அமில மண்ணில் கரைந்து போவதாலும் வரும், கரிசலில் கால்சியம் அளவுக்கு மீறி நின்று வழிமறிப்பதாலும் வரும். இரண்டு பக்கமும் ஒரே அறிகுறி, ஆனால் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மரத்துக்கு அரைக் கிலோ மக்னீசியம் சல்பேட் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். அது பிஎச்சைத் தூக்காது. கும்மாயமா இல்லையா என்பதைத் தனியாக, சோதனை வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கொழிஞ்சை_தோப்பு:

ரிசல்ட் வந்துருச்சுங்க. அமிலச் சொட்டு விட்டுப் பார்த்ததுல பழைய வாய்க்கால்தான் கோடு. வாய்க்காலுக்குக் கிழக்கே 8.2, மேக்கே செம்மண்ல 5.7.

மாமா ஒத்துக்கிட்டார், மேக்கே மட்டும். அங்கே கும்மாயத்துக்குப் பதிலா டோலமைட் போடலாம்னு இருக்கேன், மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும்கறதால. கிழக்கே மக்னீசியம் சல்பேட் மட்டும். கடலைக்கு?

ஆனைமலை_அடிவாரம்:

கடலைக்கு விழுது இறங்கும்போது கால்சியம் வேணும், அது எந்த மண்ணா இருந்தாலும். கிழக்கே ஜிப்சம் போடுங்க, அது காரத்தை ஏத்தாது. எங்க பக்கம் ஹெக்டேருக்கு 400 கிலோ, விதைச்ச 40 நாளுக்கு மேல களை வெட்டி மண் அணைக்கறப்பப் போடறோம்.

தேங்காய்_மண்டி:

அப்போ வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கற எனக்கும் கும்மாயம் வேண்டாம்னு எடுத்துக்கலாமா? என் தோப்பு ரெண்டு தோப்பு தள்ளித்தான் இருக்கு.

கொழிஞ்சை_தோப்பு:

எடுத்துக்காதீங்கண்ணா. உங்க தோப்புல ஏரி வண்டல் அடிச்சு மேடாக்கினதா சொன்னீங்களே, அந்த மண்ணு எங்கிருந்து வந்துச்சோ யாருக்குத் தெரியும். சாயங்காலம் அந்த அமில பாட்டிலை எடுத்துட்டு வர்றேன், நாலு மூலையிலயும் விட்டுப் பார்த்துட்டுப் பேசலாம்.